நடுவே மரம், இருபுறமும் காற்று

1969 செப்டம்பர் 9, செவ்வாய்

ஒத்திகையில் என் கிட்டாரின் முதல் தந்தி மறுபடியும் அறுந்தது. மாத்தோந்தோ சட்டைப் பையிலிருந்து சைக்கிள் பிரேக் கம்பியின் ஒற்றை இழையை எடுத்து நீட்டினான். இழை பிரித்து, எண்ணெய் துடைத்து, சுருட்டி வைத்திருக்கிறான். எப்போதும் வைத்திருப்பான். கின்ஷாசாவின் பாதிப் பாட்டுகள் யாரோ ஒருவருடைய சைக்கிளிலிருந்து வந்தவை.

"யாரோட சைக்கிள்டா?"

"எங்க தெரு பாதிரியாரோடது. மேட்டுல ஏறும்போது அவருக்கு பிரேக் எதுக்கு?"

"இறங்கும்போது?"

"அதுக்குத்தான் அவருக்குக் கடவுள் இருக்காரே."

செப்டம்பர் 11, வியாழன்

அக்கா மரவள்ளிக் கீரையை இடித்துக்கொண்டே கேட்டாள்: "மூணு பேரு கிட்டார் வாசிக்கிறீங்க. ஒருத்தன் போதாதா?"

விளக்கப் பார்த்தேன். அடியில் மாத்தோந்தோ, தாளத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவன். மேலே காபெயா அண்ணன், பறப்பவர். நடுவில் நான். நடக்கிறதையும் பறக்கிறதையும் சேர்த்துத் தைப்பவன்.

"அதாவது நூல்."

"ஆமாம்."

"நூலாகுறதுக்கா குன்று மேல யுனிவர்சிட்டியில படிச்சுக்கிட்டு இருந்த இலக்கியத்தைப் பாதியில விட்டுட்டு இறங்கி வந்தே?"

கீரை மணந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

மத்தியானக் கச்சேரி. ஃபிலோ அம்மாவின் பார், முற்றம் நிறைய ஜனம். பாட்டு முடிந்து கிட்டார்கள் மட்டும் ஓடத் தொடங்கும் இடம் - செபென் - வந்ததும் எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். வழக்கம்தான்.

என் கையில் பலகைக் கிட்டார், உள்ளே வெற்றிடமே இல்லாதது. மேசையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது போல. விரல் என்ன செய்தது என்று அந்தப் பக்கத்தில் இருக்கும், ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிதான் எனக்குச் சொல்கிறது. நான் பேசியதை அடுத்த அறையிலிருந்து யாரோ திருப்பிச் சொல்வது போல. பேசியது நான்தானா?

ஃபிலோ அம்மா ஊரில் இல்லை. ப்ரசல்ஸுக்கு லேஸ் துணி வாங்கப் போயிருக்கிறார். பார் அவருடையது. எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா எபாலே அவருடையது. கருவிகள், நாங்கள் போடும் பச்சைச் சூட்டு, எல்லாம் அவருடையது. எங்களுடையது விரல் மட்டும். பாடகன் எக்காங்காவுக்குத் தொண்டை.

செப்டம்பர் 20, சனி

வந்துவிட்டது.

அம்மா துணி மூட்டைகளோடு கிட்டார் வைக்கும் கறுப்புப் பெட்டி ஒன்றையும் இறக்கினார். மேசை மேல் வைத்துத் திறக்கும் முன் எங்கள் எல்லாரையும் ஒரு முறை பார்த்தார்.

"கையைக் கழுவிட்டு வாங்கடா. கருவாடு தின்ன கையோட என் பொண்ணைத் தொடாதீங்க."

கழுவினோம். காபெயா அண்ணன் உட்பட. வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல.

சிவப்பு. ஆனால் சிவப்பு என்று சொன்னால் போதாது. பாதாளக் கிணற்றில் சிவப்பு விழுந்து கிடந்தால் எப்படியோ அப்படி. உடம்பின் இரு பக்கமும் கத்தி போல வளைந்த நீளத் துளைகள். முன்பு வந்த, உள்ளே முழுக்கக் காலியான பெட்டிக் கிட்டார்களிலும் இப்படித் துளை உண்டு, அவை பருமன். இது ஒல்லி. இடுப்பில் மட்டும் கொஞ்சம் சதை.

காபெயா அண்ணன்தான் முதலில் எடுத்தார். அவர் உரிமை. வாசித்தார், முகத்தைச் சுளித்தார். "காத்து சேருது. எனக்குக் கத்தி மாதிரி போகணும். இது போய்ட்டுத் திரும்பிப் பார்க்குது."

அம்மா என்னைப் பார்த்தார். "நடுவுல நிக்கிறவனே. இந்தா."

வாங்கினேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். எதிர்பார்த்ததைவிட லேசு. எப்படி இரண்டும் ஒன்றாக?

"ஒண்ணு ஞாபகம் வச்சுக்க," என்றார் அம்மா. "இது உன் கையில இருக்கும். உன்னோடது இல்ல."

செப்டம்பர் 22, திங்கள்

கருவிகள் பாரை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. அதனால் காலையில் நானே போகிறேன். நாற்காலிகள் மேசை மேல் கவிழ்ந்திருக்கும். தரை கழுவி ஈரமாக இருக்கும். அந்த நேரத்துக்கு அந்த முற்றம் யாருக்கும் தேவையில்லை.

ஆம்பில் செருகவில்லை. சும்மா மடியில் வைத்து ஒரு தந்தியைத் தொட்டேன்.

சின்ன சத்தம். எனக்கு மட்டும் கேட்கிற அளவு. தரை துடைக்கும் பெண் நான்கு மேசை தள்ளி இருந்தாள், அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் என் விலா எலும்புக்குக் கேட்டது. காதுக்கு முன்பே. கிட்டாரின் முதுகு என் நெஞ்சில் சாய்ந்திருந்த இடத்தில் ஒரு நடுக்கம். பூனை மடியில் உறங்கும்போது வருமே, அது. ஆனால் பூனை தானாகச் செய்யும். இது நான் செய்ததைச் செய்தது. செய்துவிட்டு, நான் செய்யாத கொஞ்சத்தையும் சேர்த்துச் செய்தது.

விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். ஓரங்களில் 'தும்'. நடுவில் 'டொக்'. துளைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை நடுவில் ஒரு மரக்கட்டை ஓடுகிறது. அதன் இரு பக்கமும் வெறும் இருட்டு.

பாதி வீடு, பாதி சுவர். யாருக்குத் தோன்றியது இப்படிச் செய்ய? முழுதாக நிரப்பவும் மனமில்லாமல், முழுதாகக் காலி செய்யவும் துணியாமல்... எனக்குத் தெரிந்த எல்லா மனிதர்களும் இப்படித்தான் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து இந்தச் சத்தம் வருவதில்லை.

செப்டம்பர் 24, புதன்

நாலாவது தந்தியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மெல்லிய இழை போட்டேன். ஒரு ஸ்தாயி மேலே. நடுக்கிட்டார்க்காரர்கள் எல்லாரும் செய்வதுதான், பலகையிலும் அப்படித்தான் வைத்திருந்தேன். பலகையில் அது மணி அடித்தது. இதில்? இருவர் ஒரே வார்த்தையை ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்தது போல.

செப்டம்பர் 27, சனி

நாளை அதனோடு முதல் கச்சேரி. நானும் மாத்தோந்தோவும் முன்னேற்பாடு செய்தோம். துளை இருந்தால் ஊளையிடும். இந்த ஊரில் கிட்டாரைத் தொட்ட எவனுக்கும் இது தெரியும். பெட்டிக் கிட்டாரை ஆம்பின் அருகில் கொண்டு போனால் நாய் மாதிரி ஊளையிட்டுக் கச்சேரியைக் கெடுக்கும். அதனால் பழைய பெட்டிகளுக்குள் கந்தல் திணித்து வைப்போம். இதற்குக் கந்தல் போட மனம் வரவில்லை. மாத்தோந்தோ வீட்டுத் தலையணையிலிருந்து இலவம்பஞ்சு கொண்டு வந்தான்.

"என் மனைவி கேட்டா, எலி தின்னுடுச்சுன்னு சொல்லிடு."

"தலையணையையா?"

"எங்க வீட்டு எலிக்கு எல்லாம் சாப்பிடத் தெரியும்."

துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி நிரப்பினோம். பத்திரமாக இருக்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஒழுங்காக இருந்தது.

ஒழுங்காக.

செப்டம்பர் 30, செவ்வாய்

மனம் கேட்கவில்லை. மறுபடி தட்டிப் பார்த்தேன். நடுவில் டொக். ஓரத்தில் - ஒன்றுமில்லை. தலையணையைத் தட்டினால் என்ன வரும்? அதுதான்.

அப்போதுதான் உறைத்தது. பழைய பெட்டிகள் ஊளையிடுவது உள்ளே பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால். இதற்குள் மரம் இருக்கிறதே. பிடித்து நிறுத்துவதற்கென்றே ஒருவன் நடுவில் மரம் வைத்திருக்கிறான். நாங்கள் அதன் வாயில் பஞ்சு அடைத்திருக்கிறோம். துளை என்று பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. யோசிக்கவே இல்லை.

மாத்தோந்தோ தன் மனைவியின் பின்னல் ஊசியைக் கொண்டு வந்தான். துளைக்குள் விட்டுக் கொக்கி போட்டு இழுத்தான். பஞ்சு நூல் நூலாக வந்தது. பாதி அவன் மூக்கில். தும்மினான், இழுத்தான், தும்மினான். அந்த நேரம் பார்த்து ஃபிலோ அம்மா வந்தார். இடுப்பில் கை.

"என் பொண்ணு வயித்துல தலைகாணி வச்சது யாருடா?"

மாத்தோந்தோ ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு. ஊர் என்ன பேசும்?"

தும்மலும் சிரிப்புமாக மாத்தோந்தோ தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் போகும்போது முதுகு குலுங்கியது.

அக்டோபர் 5, ஞாயிறு

இதை எழுதிவிட வேண்டும். நாளை எழுதினால் வேறாகிவிடும்.

மத்தியானம். முதல் மழை காலையில் பெய்து நின்றிருந்தது. மண் வாசனையும் பீர் வாசனையும். எக்காங்கா பாடி முடித்தான், கைக்குட்டையால் பவுடர் கலையாமல் முகத்தை ஒற்றிக்கொண்டு ஒதுங்கினான். மாத்தோந்தோ செபெனைத் தொடங்கினான். அவனுடைய தாளம் எப்போதும் கொஞ்சம் தாமதித்து வரும். வேண்டுமென்றே. படியில் கால் வைக்கும் முன் ஒரு நொடி யோசிப்பவனைப் போல. அந்த ஒரு நொடியில்தான் நான் நுழைய வேண்டும்.

நுழைந்தேன்.

இனி எப்படிச் சொல்வது? பஞ்சில்லை. ஆம்பின் சத்தம் காற்றில் வந்து கிட்டாரின் வயிற்றைத் தொட்டது. வயிறு தந்தியைத் தொட்டது. தந்தி மறுபடி ஆம்புக்குப் போனது. ஒரு சுற்று. அந்தச் சுற்றுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். பலகையில் ஒரு சுரம் பிறந்த உடனே சாகத் தொடங்கும். அதைத் தெரிந்துதான் வாசிப்போம், அடுத்ததை அவசரமாக அனுப்புவோம். இது சாகவில்லை. ஓர் அடி பின்னால் நகர்ந்தேன், ஆம்புக்கு அருகில். பெட்டியாக இருந்திருந்தால் ஊளையிட்டிருக்கும். இது ஊளையிடவில்லை. சுரம் நின்றது. நின்றபடியே மெல்ல மாறியது - அடியிலிருந்து அதன் மேல் ஸ்தாயி, கதவு திறப்பது போல வெளியே வந்தது. நான் விரலை அசைக்கவே இல்லை.

நான் வாசிக்கவில்லை என்று தோன்றியது. பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான். போ என்று காற்று சொல்கிறது. இரு என்று மரம் சொல்கிறது. அந்தச் சண்டையின் பெயர்தான் அந்தச் சத்தம்.

மாத்தோந்தோ என் பக்கம் திரும்பினான். வாய் திறந்திருந்தது. தாளத்தை விடவில்லை. அந்த நேரத்திலும் விடவில்லை. அவன் விட்டிருந்தால் எல்லாம் கலைந்திருக்கும்.

கீழே ஆடிக்கொண்டிருந்தவர்களில் சிலர் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் அதை முதலில் தோல்வி என்று நினைத்தேன். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

முடிந்ததும் காபெயா அண்ணன் மட்டும் சொன்னார்: "திரும்பிப் பார்க்குதுன்னு சொன்னேனே. அது தப்பில்லடா தம்பி."

அக்டோபர் 8, புதன்

காலை முழுவதும் அதனோடு. செருகாமல். சாப்பிட மறந்தேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

எக்காங்கா எங்களை வேறு ஒரு பாருக்குக் கூப்பிட்டான். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது என்று நினைத்தான். பரிமாறிய பெண் அவனுடைய பாட்டையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

பிரிகிறான். தன் பெயரில் ஆர்க்கெஸ்ட்ரா.

"பாட்டு என்னோடது. தொண்டை என்னோடது. ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் அந்தம்மாவோடதா? எல்லாரும் வாங்க. ஒருத்தர் விடாம."

"கருவி?" என்று கேட்டேன்.

"கிடைக்கும்."

"எப்போ?"

"இவனுக்குக் கிட்டாரைத் தவிர வேற கேள்வியே வராதா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். இங்கே பிரிவது புதிதல்ல. ஆர்க்கெஸ்ட்ராக்கள் மரவள்ளி போல, வெட்டி நட்டால் முளைக்கும். ஆனால் பிரிகிறவன் வெறுங்கையோடு போக வேண்டும். கருவியை, சூட்டை, எல்லாவற்றையும் வைத்துவிட்டு. எல்லாருக்கும் தெரிந்த விதி. எனக்கு மட்டும் இன்றுதான் புரிந்தது போல இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

மாத்தோந்தோ போகிறான். பல வருடமாக ஒரு பாட்டை வைத்திருக்கிறான். சொற்கள் இல்லாத காலத்திலிருந்து அது எனக்குத் தெரியும். அம்மா அதைக் கேட்க நேரம் ஒதுக்கவே இல்லை. எக்காங்கா அதைத்தான் முதலில் பதிவு செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறான்.

"நீ வருவேல்ல?"

நான் ஆற்றைப் பார்த்தேன். மிதக்கும் செடிகள் போய்க்கொண்டிருந்தன.

"அந்தப் பாட்டுல நடு இல்லடா இலோங்கா," என்றான். "உனக்காக விட்டு வச்சிருக்கேன். நீ வந்து நிரப்புவேன்னு."

சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. என்ன சொல்ல வேண்டியிருந்தது? அவனைவிட ஒரு சிவப்புக் கட்டை எனக்கு முக்கியமா? இல்லை. நிச்சயமாக இல்லை. அப்படியானால் வாய் ஏன் திறக்கவில்லை?

அக்டோபர் 19, ஞாயிறு

கடைசி ஞாயிறு. அம்மாவுக்குத் தெரியாது என்று எக்காங்கா நினைக்கிறான். அம்மா இன்று எல்லாருக்கும் கோழி போட்டார். தெரியாதவர் கோழி போட மாட்டார்.

அக்டோபர் 21, செவ்வாய்

போய்விட்டார்கள். எக்காங்கா, மாத்தோந்தோ, காபெயா அண்ணன், டிரம்ஸ்காரர், ஊதுகிறவர்கள். பச்சைச் சூட்டுகள் மேசை மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் மடிப்பு மட்டும் அழகாக இருந்தது. மாத்தோந்தோவுடையது.

நான் மட்டும் போட்டுக்கொண்டு நின்றேன்.

அம்மா கேட்டார்: "என்மேல பாசமா? இல்ல அவமேலயா?" கண்ணால் பெட்டியைக் காட்டினார்.

"அவமேலதான் அம்மா."

"நல்லது. பொய் சொல்லியிருந்தா உன்னையும் அனுப்பியிருப்பேன்."

அக்டோபர் 23, வியாழன்

அக்கா: "முதல்ல படிப்பை விட்டே. இப்போ சிநேகிதனை விட்டே. அடுத்தது யாரு, நானா?"

அக்டோபர் 28, செவ்வாய்

புது ஆட்கள். ஆற்றின் அக்கரையிலிருந்து வந்தவர்கள். தாளக் கிட்டார்க்காரர் மரியாதையானவர், சுத்தமாக வாசிக்கிறார். மணிக்கூண்டு மாதிரி. ஒரு நொடியும் யோசிப்பதில்லை.

நான் காத்திருக்கிறேன்: கிட்டார் இதற்குக் கோபப்படும். மங்கும். மாத்தோந்தோவின் தாளத்தில் அல்லவா அது மலர்ந்தது? ஞாயிறன்று தெரியும்.

நவம்பர் 2, ஞாயிறு

மங்கவில்லை.

அதே இடத்தில் நின்றேன். சுரம் நின்றது. மேல் ஸ்தாயி கதவைத் திறந்து வந்தது. அன்றைக்கு வந்தது போலவே. அன்றைவிடக் கொஞ்சம் அதிகமாகக்கூட. கீழே ஆட்டம் நின்றது. முகங்கள் அப்படியே.

எனக்குப் பயமாக இருந்தது. அழகைப் பார்த்து இவ்வளவு பயந்தது இல்லை. கிட்டாருக்கு மாத்தோந்தோ இல்லை என்று தெரியவே இல்லை. நாளைக்கு நான் இல்லாவிட்டாலும் தெரியாது. மலையிடம் போய் உனக்கு என்னை நினைவிருக்கிறதா என்று கேட்பது போல. அது குறை இல்லை. அதன் பெருமையே அதுதான். யார் தொட்டாலும் தன்னை முழுதாகக் கொடுத்துவிடுகிறது. யாரையும் வைத்துக்கொள்வதில்லை.

அதற்காகவா நான் இருந்தேன்? அது என்னை வைத்துக்கொள்ளும் என்றா?

அங்கே ஒருவன் தன் பாட்டின் நடுவில் இடம் விட்டு வைத்திருக்கிறான். நான் போகவில்லை என்றால் அவனுக்குத் தெரியும்.

நவம்பர் 5, புதன்

காலையில் போய் வாசிக்கவில்லை. துடைத்தேன். கழுத்து, முதுகு, துளையின் விளிம்பு. உள்ளே இன்னும் ஓர் இழை பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 8, சனி

போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மா கணக்குப் பார்க்கும் மேசையில், இலையில் பொதிந்த மரவள்ளி ரொட்டியான குவாங்கா தின்றுகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உன்னை அவ விரட்டினாளா?"

"இல்லம்மா. அவளுக்கு நான் யாருன்னே தெரியாது."

அப்போதுதான் நிமிர்ந்தார்.

"ப்ரசல்ஸ்ல மழை. ஒதுங்கத்தான் அந்தக் கடைக்குள்ள போனேன். ஒரு பையன் இவளைச் சும்மா தட்டிக்கிட்டு இருந்தான், பாட்டுகூட இல்ல. லேஸ் வாங்க வச்சிருந்ததுல பாதி அங்கேயே போச்சு. எனக்கு ஒரு கம்பியும் தட்டத் தெரியாது. உங்களுக்காக வாங்கினேன்னு எல்லாரும் நினைச்சீங்க."

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டார். குரல் மாறிவிட்டது.

"சூட்டைக் கழட்டு."

"இங்கேயா அம்மா?"

"வேற எங்க? என் சூட்டைப் போட்டுக்கிட்டு அந்தப் பவுடர் மூஞ்சிக்கு வாசிக்கப் போவியா? கால்சட்டையும்தான்."

தரை துடைக்கும் பெண் சிரிப்பை அடக்க வாளிக்குள் முகத்தை விட்டாள். மேசைத்துணி ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பட்டப்பகலில் கலாமு தெரு வழியாக நடந்தேன். மீன் விற்கிறவள் கூப்பிட்டாள்: "இலக்கியம் படிச்ச தம்பி! புது ஃபேஷனா?"

"ஆமாக்கா. ப்ரசல்ஸ்ல இதுதான் இப்போ."

கை காலியாக இருந்தது. எவ்வளவு காலி என்றால், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிக்கொண்டு நடந்தேன். விலாவில் அந்த இடம் சில்லென்று இருந்தது.

நவம்பர் 11, செவ்வாய்

மாத்தோந்தோ வீடு. வாசலில் உட்கார்ந்து பிரேக் கம்பி பிரித்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"யாரு இது? பெரிய வீட்டு மாப்பிள்ளை. பொண்டாட்டி துரத்திட்டாளா?"

"நானே வந்துட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவன் மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "அண்ணே, எலி தின்ன தலையணைக்குப் பதில் எப்போ வரும்?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாது என்று முயன்றான். முடியவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பியையே பார்த்தான்.

"வராம இருந்திருந்தா வேற யாரையாவது போட்டிருப்பேன்," என்றான். "நிச்சயமா போட்டிருப்பேன். தெரிஞ்சுக்க."

"தெரியும்."

"ஒருத்தனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். நல்லா வாசிச்சான். எனக்கு வயிறு எரிஞ்சுது. அனுப்பிட்டேன்."

எழுந்து உள்ளே போய் ஒரு கிட்டாரைக் கொண்டு வந்தான். பலகை. யாரோ இரவல் தந்தது. வெள்ளைப் பெயின்ட், அதுவும் பாதி உரிந்தது. மேசையேதான். மார்பில் சாத்தினேன். நெஞ்சுக்கு எதுவும் வரவில்லை.

அவன் தொடங்கினான். படியில் கால் வைக்கும் முன் ஒரு நொடி. அந்த நொடி அங்கேயே இருந்தது.

நவம்பர் 21, வெள்ளி

மாத்தோந்தோவின் பாட்டு பதிவாகிவிட்டது. ஒரே அறை, வெக்கை, விசிறி சத்தம் போடும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். பலகையில் சுரங்கள் சீக்கிரம் செத்தன. நான் சீக்கிரம் சீக்கிரம் அடுத்ததை அனுப்பினேன். அதனால் வேறு மாதிரி ஆகிவிட்டது அந்த நடு. நான் யோசித்து வைத்திருந்ததைவிட அவசரமாக, மூச்சு வாங்கிக்கொண்டு. திருப்பிப் போட்டுக் கேட்டபோது மாத்தோந்தோ எழுந்து வெளியே போனான். பின்னால் போனேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"சரியில்லையா?"

"வாயை மூடுடா."

நவம்பர் 25, செவ்வாய்

எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். ஆனாலும் காலையில் விழித்ததும் நெஞ்சு எதையோ எதிர்பார்க்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

இன்று எங்களுக்குக் கச்சேரி இல்லை. மத்தியானம் கால் தானாக நடந்தது. தடுக்கவில்லை.

ஃபிலோ அம்மாவின் பார் வாசலில் என்னை எல்லாருக்கும் தெரியும். உள்ளே போக முடியாது. பின்பக்கம் போனேன். அங்கே சுவர், சுவரை ஒட்டி மாமரம். உள்ளே போக வழியில்லாதவர்கள் சுவரிலும் கிளையிலும் தொங்கிக்கொண்டு கச்சேரி பார்ப்பார்கள். வௌவால் என்று இந்த ஊர் அவர்களை அழைக்கிறது. எங்கும் உண்டு, எல்லா ஞாயிறும் உண்டு. மேடையிலிருந்து பார்த்தால் இலைகளுக்கு இடையே பல் மட்டும் தெரியும்.

கிளையில் உட்கார்ந்திருந்த ஒருவர், நடுவயசு, சட்டையில் சிமென்ட் கறை, கையை நீட்டினார். "ஏறு தம்பி. இந்தக் கிளை தாங்கும். அந்தக் கிளையை நம்பாதே, போன வாரம் ஒருத்தன் கோழிக்கூண்டு மேல விழுந்தான்."

ஏறினேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக யாரோ பாடுகிறான். சிவப்பு, ஓர் ஒல்லியான பையன் கையில். என்னைவிடச் சின்னவன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். அவன் நெஞ்சில் இப்போது அந்த நடுக்கம் இருக்கும்.

செபென் வந்தது. அவன் நுழைந்தான்.

எனக்கு அது தெரியாது.

ஒவ்வொரு சுரமும் எனக்குத் தெரியும். நான் கட்டியதைத்தான் அவன் வாசித்தான். ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் தெரியாது. நான் அறிந்தது நடுக்கத்தை, வெதுவெதுப்பை, எலும்பில் ஊறியதை. இது அதுவல்ல. இது காற்றில் தனியாக நின்றது. யார் நெஞ்சிலும் சாயாமல். முற்றத்தின் மேல், ஆடுகிறவர்களின் தலைக்கு மேல், மாமரத்தின் இலைகள் வரை வந்து, இலைக்குள் நுழைந்து, என் முகத்தில் பட்டது. ஈரமில்லாத மழை. அத்தனை நாள் கையில் வைத்திருந்தேன். ஒரு நாளும் இது என் பக்கம் வந்ததில்லை. வெளியே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. இவர்களிடம்.

சுரம் நின்றது. மேல் ஸ்தாயி வந்தது. மரத்தில் ஒரு வௌவாலும் அசையவில்லை.

கீழே, தூணோரத்தில், தனி மேசையில் ஃபிலோ அம்மா. முன்னால் பீர் நுரை அடங்கிக் கிடந்தது. கண் மூடியிருந்தது. கணக்கு, வேலையாள், வாடிக்கை, எதுவும் இல்லை அந்த முகத்தில். ஒரு கடைக்குள் மழைக்கு ஒதுங்கி நிற்கிறவளின் முகம்.

சிமென்ட் கறைக்காரர் என்னை இடித்தார்.

"முன்னாடி ஒருத்தன் இருந்தான். அவனைவிட இந்தப் பையன் நல்லா வாசிக்கிறான், இல்ல?"

"தெரியலண்ணே," என்றேன். "அவனை நான் கேட்டதில்ல."

"அப்ப பேசாம கேளு," என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.